மண் போட்டு அணைத்த நெருப்பு

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்து இப்போது தாமான் குடியிருப்பு வீடுகளில் கேட்டைப் பூட்டிக்கொண்டு வாழ்கிறோமே, சிறு வயதில் கண்ணால் பார்த்த ஒன்றைப் பெரியவர்களிடம் சொல்லாமல் விட்டது உங்களுக்கு உண்டா? மாங்காய் திருடியதையோ பள்ளிக்கு மட்டம் போட்டதையோ கேட்கவில்லை. பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்ததைக் கேட்கிறேன். எனக்கு ஒன்று உண்டு. நாற்பத்திரண்டு வருடமாக இருக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஜொகூர் பாரு பக்கம் உலு திராமில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பிளக்கிலிருந்து வந்தது. சுவர் கறுத்தது, சன்னல் திரையில் பாதி போனது. பக்கத்து வீட்டுச் சீனர் தன் காரில் வைத்திருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அடித்தார். பொம்பாவின் தீயணைப்பு வண்டி வந்தபோது தரையெல்லாம் வெள்ளைப் பொடி மட்டுமே இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை என் பதின்மூன்று வயது மகள் ஒன்று சொன்னாள். அது என்னவென்று பிறகு எழுதுகிறேன்.

அவள் சொன்ன வார்த்தை என்னைக் கொண்டுபோய் அந்தக் கறுப்பு மண்ணில் நிறுத்திவிட்டது.

அப்பா ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அங்கே மண் சிவப்பு. மழையில் வழுக்கும், வெயிலில் செங்கல் மாதிரி இறுகும். எனக்கு எட்டு வயதானபோது அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு, மேற்கே கடலோரச் சமவெளியில் இரண்டு ஏக்கர் நிலத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார். அங்கே மண் கறுப்பு. கோப்பித்தூள் மாதிரிக் கறுப்பு. அள்ளினால் கையில் கனமே இருக்காது. பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வடியும். உள்ளே மக்காத வேரும் மரத்துண்டும் கிடக்கும். நடந்தால் மெத்தை மாதிரி அமுங்கும். நிலத்தின் ஓரமாகப் பாரிட் என்று எல்லாரும் சொல்லும் வாய்க்கால் ஓடியது. அதில் தண்ணீர் கோப்பி-ஓ நிறத்தில் நிற்கும்.

"நம்ம சொந்த மண்ணு," என்று அப்பா குதிகாலால் அழுத்திக் காட்டினார்.

அம்மா குனிந்து ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். "என்னங்க, இது மண்ணு மாதிரியே இல்லையே."

அம்மா சொன்னது சரி. அது எத்தனையோ காலம் தண்ணீரில் ஊறிக் கிடந்த காடு. செத்த மரமும் இலையும் வேரும் அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்தது. பாரிட் வெட்டி, தண்ணீரை வடித்து, அதன்மேல் மனிதர்கள் குடியேறியிருந்தார்கள். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு அது நடந்தால் அமுங்கும் வேடிக்கையான மண், அவ்வளவுதான்.

அன்னாசி, மரவள்ளி, வாழை, பத்துப் பன்னிரண்டு கோப்பி மரம், ஐந்து ஆடு, கணக்கில்லாத கோழிகள். பொங்கல் வரை மழை கொட்டும். பாரிட் நிரம்பி வாசலுக்கு வரும். பொங்கல் கழிந்து காற்று திரும்பும். மாசியில் வானம் வெளுத்து, பாரிட்டில் தண்ணீர் இறங்கி, கரையில் நண்டு வளைகள் தெரியும். புது இடம் வெட்டி எரிக்க மாசி, பங்குனி இரண்டு மாதம்தான் தோது. சித்திரை மழைக்கு முன்னால் அன்னாசிக் கன்றை ஊன்றிவிட வேண்டும்.

அது நடந்த மாசியில் எனக்குப் பத்து வயது. தங்கைக்கு ஆறு. அவளுக்கு முந்தின தீபாவளிக்கு அப்பா ஒரு ஜோடி சிவப்புச் சிலிப்பர் வாங்கிக் கொடுத்திருந்தார். பட்டையில் ஒரு வெள்ளைப் பூ. "வளர்ற புள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியது. அவள் நடந்தால் அது குதிகாலில் டப் டப் என்று அடிக்கும். அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரும் தேட வேண்டியதில்லை, காதைக் கொடுத்தால் போதும்.

அப்பாவுக்கு நெருப்பு தெரியும். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, எரிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலை. எந்தப் பக்கம் முதலில் வைப்பது, காற்று எப்போது திரும்பும், குவியலை எவ்வளவு உயரம் போடுவது எல்லாம் அவர் சொல்வதுதான். தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணியே அவர் தோளைத் தட்டிப் பேசியதை அவரே பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் புது நிலத்தில் அவர் முதன்முதலாக எரித்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜொகூர் பாருவிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, உதவிக்கு வந்திருந்தார். ஒரு வாரமாக வெட்டிக் காயவைத்த செடியும் வேரும் அரை ஏக்கரில் குவியல் குவியலாகக் கிடந்தன.

"மச்சான், அடியெல்லாம் ஈரமா இருக்கே. புடிக்குமா?" என்றார் மாமா.

"நம்ம கை பட்டா பச்சை வாழையும் புடிக்கும். நீ தள்ளி நின்னு பாரு, சட்டை கருகப் போவுது."

பிடித்தது. பகல் முழுவதும் எரிந்தது. நாங்கள் சாம்பலில் மரவள்ளிக் கிழங்கு சுட்டுத் தின்றோம். தங்கையின் மூக்கில், கன்னத்தில் எல்லாம் கரி. அந்த வாடை சாதாரண விறகு வாடை இல்லை. பழைய துணி கருகுவது போல, அதில் கொஞ்சம் இனிப்பு கலந்தது போல. இன்றும் காடு எரியும் புகைமூட்டக் காலத்தில் காற்றில் அந்த வாடை வந்தால் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன்.

மாலையில் அப்பா நெருப்பை அணைத்தார். தோட்டத்தில் எப்படி அணைப்பார்களோ அப்படி. மேட்டுக்காட்டில் தண்ணீருக்கு எங்கே போவது? சிவப்பு மண்ணை வெட்டித் தணல்மேல் போட்டு மிதித்துவிட்டால், மூச்சு முட்டி நெருப்பு செத்துவிடும். அப்பாவின் அப்பாவும் அப்படித்தான் அணைத்தாராம். பாரிட் இருபது அடி தூரத்தில் இருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மண்வெட்டியால் கறுப்பு மண்ணை வாரி வாரிப் போட்டார். மாமா போட்டார். நான் தகரத் தட்டில் அள்ளிப் போட்டேன். தங்கை தன் சிலிப்பரால் டப் டப் என்று மிதித்தாள். அன்று நாங்கள் நால்வரும் நெருப்புக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

பாரிட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜாவாக்காரக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மாக்சிக் என்போம். என் அம்மா வயதுதான் இருக்கும். கோப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாரிட்டின் மேல் கிடந்த தென்னந்துண்டுப் பாலம் வரை ஓடி வந்தார்.

"ஜாங்கான் லா! ஆயேர்! ஆயேர்!"

மண்ணைப் போடாதே, தண்ணீர் ஊற்று, இந்த மண்ணே எரியும் என்று மலாயில் கத்தினார். ஓடி வந்ததில் தலைத்துணி சரிந்திருந்தது.

அப்பா மண்வெட்டியை ஊன்றிச் சிரித்தார். "கேட்டியா மாப்பிள்ளை, மண்ணு எரியுமாம் லா! அப்போ கல்லு கொதிக்குமா?"

மாமாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பாலத்தில் நின்ற மாக்சிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா கோழிகளைத் திறந்துவிட்டு வந்து, எரித்த இடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். சாமிக்கு விழுந்து கும்பிடுவது போல இருந்தது. எழுந்து வந்து சொன்னாள்: "ஏங்க, கீழ சூடா இருக்கு. வாடையும் போகல. மாக்சிக் சொன்ன மாதிரி ரெண்டு வாளி தண்ணி ஊத்திப் பாப்போமா?"

அப்பா அப்போதுதான் கோப்பியில் ரொட்டியை நனைத்திருந்தார். ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தார். "எங்க? காட்டு."

அம்மா காட்டிய இடத்தில் அப்பா தோண்டினார். முழங்கால் ஆழம் தோண்டினார். கறுப்பாக, ஈரமாக, குளுகுளுவென்று மண் வந்தது. அதில் ஒரு பிடி அள்ளி, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"இந்தா, உன் நெருப்பு. அடுப்புல வச்சு சோறாக்கு."

மாமா வாயிலிருந்த கோப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சொன்ன விதம் அப்படி. அம்மா தொட்டியில் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அம்மா கை வைத்தபோது அங்கே சூடு இருந்திருக்கும். அதில் எனக்கு இன்று சந்தேகம் இல்லை. இப்படிப்பட்ட மண்ணில் நெருப்பு மேலே வந்து முகம் காட்டாது. எலி வளை தோண்டுவது போலப் பக்கவாட்டில் போகும். அப்பா இரண்டு முழம் தள்ளித் தோண்டியிருந்தால் பார்த்திருப்பார். அந்த இரண்டு முழத்தை நான் எத்தனை தடவை மனத்துக்குள் அளந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மாமா அன்றே ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினார். புதன்கிழமை, ஓர் இலைகூட அசையாத மத்தியானத்தில், குலை தள்ளியிருந்த ஒரு வாழை தானாகச் சாய்ந்து விழுந்தது. "வேர்ப்புழு," என்றார் அப்பா. எங்கள் கறுப்புப் பெட்டை ஆடு, தினமும் பாரிட்டுக் கரைக்குப் போகும் குறுக்குப் பாதையில் கால் வைக்க மறுத்தது. கயிற்றை இழுத்தால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு கத்தியது. "திமிரு. ரெண்டு போடு," என்றார் அப்பா. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அம்மா அந்தக் காரணங்களைக் கேட்டுக்கொண்டே மரவள்ளி இலையை ஆய்ந்தாள். வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

வியாழக்கிழமை பள்ளிவிட்டு வந்து, சீருடையை மாற்றி, ஆட்டுக்குத் தண்ணீர் எடுக்க வாளியோடு அந்தக் குறுக்குப் பாதையில் போனேன். தங்கை பின்னால் டப் டப் என்று வந்தாள். பாதையின் நடுவழியில், இரண்டு அன்னாசிச் செடிகள் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்திருந்தன. அவற்றின் நடுவே தரையில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி ஓர் இழை எழுந்தது. ஒன்றே ஒன்று.

நான் வாளியை இறக்கிவிட்டு, அம்மா செய்தது போல உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். சுருக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, இங்க சுடுது," என்றாள் தங்கை. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெயில் அடிக்குதுல்ல. சுடாம என்ன செய்யும்?"

"புகை வருதுக்கா."

"சும்மா இரு. யார்கிட்டயும் சொல்லாத."

அப்பா தூரத்தில் வாழையடியில் குந்தி பாராங்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சரக் சரக் என்று கேட்டது. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் நடுவில். அப்பாவிடம் சொன்னால் தோண்டுவார். மறுபடியும் குளிர்ந்த மண் வந்தால் அதை என் கையில் வைத்து அழுத்துவார். சூடான மண்ணே வந்தால்? அப்போது அம்மா ஜெயித்துவிடுவாள். அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. நெருப்பைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அப்பாவின் முகத்தைப் பற்றித்தான் பயம்.

பக்கத்தில் காய்ந்த தென்னை மட்டை ஒன்று கிடந்தது. அதை இழுத்து வந்து அந்த வெடிப்பின் மேல் போட்டேன். புகை தெரியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அது நடந்தது. வெயிலில் கண் கூசியது. அப்பா பாரிட்டின் கோடியில் கரையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆட்டுக்குட்டி ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியது. தங்கை அதைத் துரத்தினாள். நான் வாசலில் உட்கார்ந்து பள்ளிப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். டப் டப் டப் என்று அவள் ஓடும் சத்தம் குறுக்குப் பாதைப் பக்கம் திரும்புவது காதில் விழுந்தது. என் கை எழுதுவதை நிறுத்தியது. கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

முதலில் ஒரு சின்னச் சத்தம், அரிசி மூட்டை சரிந்தது போல. பிறகு அவள் கத்தினாள்.

நான் ஓடினேன். மட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே தரை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு குழி, ஓரமெல்லாம் சிவப்பாகக் கனன்றது. அவளுடைய இடது கால் முட்டி வரை உள்ளே போயிருந்தது. வலது கால் மடங்கி வெளியே கிடந்தது. மட்டையின் தண்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போனேன். என் காலுக்குக் கீழேயும் மண் பொசுக்கென்று இறங்கியது. பின்னால் தாவி விழுந்தேன். அதற்கு மேல் என்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அவள் "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

அம்மா எப்படி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தாண்டிப் போனாள். கீல் தளர்ந்திருந்த வீட்டுப் பின்கதவைப் பிடுங்கி எடுத்து வந்திருந்தாள். அந்தப் பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் வயிற்றால் ஊர்ந்து போய், தங்கையின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வந்தாள். அவளோடு ஒரு சிலிப்பர் வந்தது. இன்னொன்று வரவில்லை.

அதற்குள் மாக்சிக் பாலத்தைத் தாண்டி ஓடி வந்து, தங்கையை அம்மாவிடமிருந்து பிடுங்கி, அப்படியே பாரிட்டுக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று, அந்தக் காலைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தார். தங்கையின் காதில் மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் வேனை எடுத்து வந்தார். அப்பா கரையோரமாக ஓடி வந்தபோது வேன் கிளம்ப இருந்தது. அவர் மண்வெட்டியோடுதான் ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில்தான் அது கையில் இருப்பதைப் பார்த்துக் கீழே வைத்தார்.

ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு மர பெஞ்சு. அம்மா, நான், அப்பா. அம்மாவின் முன்கை இரண்டும் சிவந்து கொப்பளித்திருந்தன. மருந்து போட வந்த தாதியிடம் "புள்ளையப் பாருங்க மொதல்ல" என்றாள். அப்பா எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். திடீரென்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"யாருமே பாக்கலையா? ஒரு புகைகூடவா வரல? வீட்டுல இத்தன பேரு இருந்தும் ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போது சொல்வாள், நான்தான் செவ்வாய்க்கிழமையே சொன்னேனே என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி இருந்தாள். அப்பா அவளையே பார்த்தார். கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவர் தாடை அசைந்தது. பிறகு சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அம்மா சொல்லாமல் விட்டதில் அவருக்கு விழுந்த அடி, சொல்லியிருந்தால் விழுந்திருக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது.

நானும் தரையைத்தான் பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளை அழுகிறாள் என்று நினைத்து அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் இன்னும் என் தலையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பாவும் மாக்சிக் வீட்டு ஆண்களும் அந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறும் ஆழம் வரை குழி வெட்டினார்கள். பாரிட்டிலிருந்து வாளி வாளியாக இறைத்தார்கள். சித்திரை மழை வந்துதான் முழுதாக அணைந்தது. தங்கை இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கால் பிழைத்தது. முட்டிக்குக் கீழே தோல் மெழுகு போல வழவழவென்று ஆகிவிட்டது, இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. அப்பா சாகும்வரை ஒரு தீக்குச்சியைக்கூடக் கிழிக்கவில்லை. சாமிக்குச் சூடம் ஏற்றுவதும் அம்மாதான். ஒவ்வொரு மாசியிலும் நாங்கள் வாசலில் இறங்குவதற்கு முன்னால் அவர் போய்க் குந்தி, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பார். அம்மா அதைக் கதவோரம் நின்று பார்ப்பாள். அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை.

என் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு வாயைத் திறக்காத நான், அதற்குப் பிறகு வாயை மூடவே இல்லை. கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன். சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய், பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வருவேன். மகள் இருமினால் கத்துவேன், தாமதமாக வந்தால் கத்துவேன், ஏதாவது கருகிய வாடை என்றால் வீடே அதிரும். "நம்ம வீட்டுக்கு பொம்பா எதுக்கு, சைரனே இங்கதான் இருக்கு," என்பார் கணவர். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான். எல்லாம் மகளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீப்பிடித்த அன்று மாலை, சமையலறைத் தரையிலிருந்த வெள்ளைப் பொடியைக் கூட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"திங்கக்கிழமையிலேருந்தே அங்க வாடை வந்துச்சும்மா. சொன்னா நீங்க கத்துவீங்கன்னுதான் சொல்லல."

திங்கட்கிழமையிலிருந்து. நாங்கள் புதன்கிழமை தப்பித்தோம்.

நான் போய்ப் படுக்கையில் உட்கார்ந்தேன். எனக்கு அப்பாவின் முகம் பயமாக இருந்தது. அவளுக்கு என் முகம்.

பத்து நாள் கழித்துத் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் ஜொகூர் பாருவில் இருக்கிறாள், தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். எல்லைச் சுங்கச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். நான் அவசரம் அவசரமாகச் சொன்னேன். புகையை, நான் கை வைத்ததை, மட்டையை. சொல்லி முடித்ததும் அவள் சொன்னாள்:

"நீ மட்டை போட்டத நான் பாத்தேனேக்கா. பக்கத்துலதானே நின்னேன்."

"பாத்தியா?"

"எனக்குச் சுடக் கூடாதுன்னுதான் நீ போட்டேன்னு நெனச்சேன். அதான் அன்னைக்கு அது மேல கால வச்சு ஓடினேன்."

அவள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளுக்கே உரிய அந்தக் குரல் வந்தது.

"அந்த மட்டையப் புடிச்சுத்தான் தொங்கினேன், அதையும் சேத்துக்க. இல்லாட்டி முழுசா உள்ள போயிருப்பேன். ஏன்க்கா, அதுக்குத்தான் வருஷா வருஷம் தீபாவளிக்கு எனக்குச் செருப்பா வாங்கிக் குடுக்கிறியா? அலமாக்! வீடு முழுக்கச் செருப்பு. எனக்கு இருக்கிறது ரெண்டு காலு. இந்த வருஷம் வளையல் வாங்கிக் குடு."

சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன். அந்த மட்டை அவளை அங்கே இழுத்ததா, காப்பாற்றியதா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும்தான் என்று அவள் எளிதாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவ்வளவு எளிதாக வரவில்லை.

வைப்பதற்கு முன்னால் சொன்னாள்: "உன் மகள்கிட்ட சொல்லிட்டியா? என்கிட்ட சொல்றது இருக்கட்டும். மொதல்ல அவகிட்ட சொல்லு."

சொன்னேன். அன்று மாலையே, இங்கே எழுதியிருப்பதையெல்லாம், சிலிப்பர் உட்பட. கேட்டு முடித்ததும் மகள் எழுந்து அறைக்குப் போய்விட்டாள். தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது.

நேற்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்றாள்.

"மா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

கையிலிருந்த சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சொல்லு."

"பாத்ரூம் ஹீட்டர் சுவிட்ச் பக்கத்துல சுவரு சூடா இருக்கிற மாதிரி இருக்கு. நெசமான்னு தெரியல."

கணவரைக் கூப்பிடவில்லை. எழுந்து போனேன். அவள் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். கொஞ்சம் தள்ளி வைத்தேன். இன்னும் தள்ளி, இரண்டு முழம் வரை வைத்துப் பார்த்தேன். ஓடு குளிர்ந்துதான் இருந்தது. சூடு எங்கேயும் இல்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில்லுனு இருக்கு," என்றேன். "சொன்னியே, நல்லது. நாளைக்கும் தோணுச்சுன்னா நாளைக்கும் சொல்லு."

அவள் தன் கையையும் கொண்டுவந்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.